வீட்டை விட்டு விரட்டுவது மார்க்கமா?

 



நம் வீடுகளில் வாய் திறந்து பேசப்படாத விஷயங்கள் சில உண்டு. பேசுவதே பாவம் என்றெண்ணிப் பெரியவர்கள் மௌனமாக இருந்து விடுகிறார்கள். பிள்ளைகளோ அவற்றைக் கல்லூரியில் கேட்கிறார்கள்; கைப்பேசியில் பார்க்கிறார்கள். ஓரினச்சேர்க்கை பற்றியும் திருநங்கையர் பற்றியும் நடக்கும் விவாதம் அப்படிப்பட்டதுதான். கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும், திருப்பூரிலும் ஈரோட்டிலும் பெற்றோர்கள் ஆலிம்களைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், உலகமே இதைச் சரியென்று சொல்ல ஆரம்பித்துவிட்டதே, மார்க்கம் என்ன சொல்கிறது? எங்கள் பிள்ளை இப்படியிருந்தால் நாங்கள் என்ன செய்வது?"

முதல் கேள்விக்கு விடை பலருக்கும் தெரியும். இரண்டாவது கேள்விக்குத்தான் மார்க்கம் சொல்லாத விடையை மார்க்கத்தின் பெயரால் நம்மவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். எனவே இரண்டையும் சேர்த்தே இங்கு பார்ப்போம்.

காலம் மாறிய விதம்

வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு ஓரினச்சேர்க்கையைக் குற்றமாக்கியது. 2009-இல் டில்லி உயர்நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் அதே உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் தம் சம்மதத்தின் பேரில் தனிமையில் செய்வது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2023 அக்டோபர் 17-இல், ஒரே பாலினத்தவர் திருமணத்திற்குச் சட்ட அங்கீகாரம் தர அந்த நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நம் மாநிலத்தில் 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றது. சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி நீதிமன்றத்தில் போராடி 2017-இல் காவல்துறை உதவி ஆய்வாளராகத் தருமபுரியில் பொறுப்பேற்றார். 2021-இல், பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர்நீதிமன்ற நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், விஷயத்தைப் புரிந்துகொள்ள மனநல நிபுணர் ஒருவரிடம் தாமே அமர்ந்து கேட்டபின் தீர்ப்பெழுதினார். இவர்களை 'மாற்றுகிறோம்' என்று கூறிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்கும் தடை விதித்தார். 2025 மே மாதத்தில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், பெற்றோரால் வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஓர் இளம்பெண்ணைத் தம் விருப்பப்படி தோழியுடன் செல்ல அனுமதித்தனர். ஆக, சட்டமும் மக்களின் மனப்போக்கும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெகுதூரம் நகர்ந்துவிட்டன.

தீர்ப்பு மாறுமா?

அல்லாஹ் ஹராமாக்கியதை எந்த நீதிமன்றமும் ஹலாலாக்க இயலாது. நாட்டின் சட்டம் ஒன்றைக் குற்றமல்ல என்று சொல்வதால் அது பாவமல்ல என்றாகிவிடாது. மதுவும் வட்டியும் நம் மாநிலத்தில் குற்றமில்லை. அதனால் முஸ்லிமுக்கு அவை ஆகுமாகிவிடவில்லை. லூத் (அலை) அவர்களின் சமூகத்தாருடைய வரலாற்றை அஃராஃப், ஹூத், ஷுஅரா போன்ற அத்தியாயங்களில் அல்லாஹ் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கிறான். இச்செயல் ஹராம் என்பதில் நான்கு மத்ஹபுகளின் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் வெட்கப்படவும் வேண்டாம், தயங்கவும் வேண்டாம்.

ஆனால் இதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதற்குரிய தண்டனை என்ன என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் இதை 'ஹத்து' எனும் வரையறுக்கப்பட்ட தண்டனையில் சேர்க்காமல், காஜியின் முடிவுக்கு விடப்படும் 'தஃஸீர்' என்றே கருதினார்கள். எவ்விதமாயினும் அது சாட்சியத்தை விசாரிக்கும் நீதிபதிக்குரிய அதிகாரம். தகப்பனுக்கோ, அண்ணனுக்கோ, தெருப் பையன்களுக்கோ அந்த அதிகாரத்தை ஷரீஅத் கொடுக்கவில்லை. வீட்டில் பெல்ட்டை உருவிக்கொண்டு நிற்பவர் மார்க்கத்தை நிறைவேற்றவில்லை. தம் மானக்கேட்டுக்கும் ஆத்திரத்துக்கும் வடிகால் தேடுகிறார்.

வெவ்வேறானவற்றைக் கலக்க வேண்டாம்

நம்மில் பலர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். மார்க்க அறிஞர்கள் அப்படிச் செய்யவில்லை.

முதலாவது, உடல் அமைப்பிலேயே ஆண் பெண் அடையாளங்கள் கலந்து பிறப்பவர். ஃபிக்ஹு நூல்களில் இவருக்கு 'குன்ஸா' என்று பெயர். இஸ்லாத்துக்கு முந்திய அரபியரின் நடுவராயிருந்த ஆமிர் இப்னு ளரிப் என்பவரிடம் இப்படிப்பட்ட ஒருவரின் வாரிசுரிமை வழக்கு வந்ததாம். விடை தெரியாமல் இரவெல்லாம் தூக்கமின்றிப் புரண்டார். அவருடைய ஆடு மேய்க்கும் அடிமைப் பெண்தான், "சிறுநீர் எவ்வழியே கழிகிறதோ அதைக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று வழி சொன்னாள். இப்னு ஹிஷாம் இதைக் குறித்து வைத்துள்ளார். பின்வந்த ஃபுகஹாக்களும் அந்த அடையாளத்தையே முதலில் எடுத்துக்கொண்டார்கள். எந்த அடையாளமும் தெளிவுபடாதவருக்கும் சட்டம் எழுதினார்கள். ஜமாஅத்துத் தொழுகையில் ஆண்கள், சிறுவர் வரிசைகளுக்குப் பின்னும் பெண்கள் வரிசைக்கு முன்னும் அவருக்கு இடம். பாகப்பிரிவினையில் அவருக்குப் பங்கு உண்டு; ஹனஃபி மத்ஹபில் இரு பங்குகளில் குறைந்தது, ஷாஃபி மத்ஹபில் உறுதியானது கொடுக்கப்பட்டு மீதி தெளிவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படும். மரணித்தால் ஐந்து துணிகளில் கஃபன். தொட்டில் முதல் கபுர் வரை ஒவ்வொரு படியிலும் அவரை நினைவில் வைத்துச் சட்டம் சொன்ன மார்க்கம் இது! அப்படியிருக்க, அத்தகைய குழந்தை பிறந்தால் தாயைச் சபிப்பதும் குழந்தையை மறைப்பதும் எந்த மார்க்கம்?

இரண்டாவது, உடலால் ஆணாகப் பிறந்தும் நடை, பேச்சு, சாயல் ஆகியவற்றில் இயல்பாகவே பெண் தன்மை உடையவர். ஆண்களைப் போல வேஷமிடும் பெண்களையும் பெண்களைப் போல வேஷமிடும் ஆண்களையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தது புகாரியில் வருகிறது. அந்த ஹதீஸைப் படித்த நம் முன்னோர் அங்கேயே நின்றுவிடவில்லை. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், பிறவியிலேயே அத்தன்மை அமைந்தவர் மீது பழியோ பாவமோ இல்லை. வேண்டுமென்றே வரவழைத்துக்கொள்பவரே கண்டிக்கப்பட்டவர் என்று பிரித்துக் காட்டுகிறார்கள். இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள், இயல்பிலேயே அப்படியுள்ளவரிடம் அதைப் படிப்படியாக விட முயலும்படி சொல்லப்படும் என்கிறார்கள். படிப்படியாக என்ற சொல்லைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். அறுவை சிகிச்சை பற்றிய கேள்விக்கு எகிப்து முஃப்தி ஸய்யித் தன்தாவி 1988-இல் தந்த ஃபத்வாவும் இவ்வழியே சென்றது: உடலில் மறைந்திருக்கும் பாலினத்தை வெளிப்படுத்த அது ஆகும், வெறும் ஆசைக்காக ஆகாது.

மூன்றாவது, தன் பாலினத்தாரின் பால் உள்ளத்தில் ஈர்ப்பு உண்டாகும் ஒருவர். உள்ளத்தில் தோன்றுவதைச் செயலாக்காத வரை அல்லாஹ் இந்தச் சமுதாயத்தைப் பிடிப்பதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொல்லியிருக்கிறார்கள். எனவே ஈர்ப்பு வேறு, செயல் வேறு. தனக்குள் இப்படியொரு போராட்டம் இருப்பதாக ஒரு மகன் தாயிடம் அழுதால், அவன் பாவத்தை அறிவிக்கவில்லை; உதவி கேட்கிறான். தன் நஃப்ஸோடு போராடி அல்லாஹ்வுக்காகப் பொறுமை காப்பவனுக்குக் கூலி உண்டு. அவனைக் காறி உமிழ்பவருக்கு என்ன கூலி?

விரட்டப்பட்டவர் எங்கே போவார்?

நாமக்கல் வட்டாரத்துச் சிற்றூரில் பிறந்த திருநங்கை எழுத்தாளர் ரேவதி, வீட்டில் பட்ட அடிகளையும், ஊரைவிட்டு டில்லிக்கும் பம்பாய்க்கும் ஓடியதையும் 'வெள்ளை மொழி' என்ற தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆனால் நம் கொங்கு மண்ணின் பிள்ளை. வீடு கைவிட்டவரைத் தெரு ஏற்கிறது; தெரு எதைக் கற்றுக்கொடுக்கும் என்று நமக்குத் தெரியாதா? பாவத்தைத் தடுக்க விரட்டினோம் என்று சொல்பவர்கள், பாவத்தைத் தவிர வேறு வழியில்லாத இடத்துக்கே பிள்ளையை அனுப்பி வைக்கிறார்கள். நம் கோவையில் 2020 செப்டம்பரில் திருநங்கையர் சிலர் ஒன்றுகூடி, கையேந்தாமல் பிழைக்க வேண்டுமென்று ஆர்.எஸ்.புரத்தில் ஓர் உணவகம் திறந்தார்கள். அதற்கு முன்னின்று உழைத்தவர் அடுத்த மாதமே கொலையுண்டார். உழைத்துண்ண முன்வந்தவருக்கும் இங்கே பாதுகாப்பு இவ்வளவுதான்.

"நபி (ஸல்) அவர்களும் இப்படிப்பட்டவரை ஊரைவிட்டு வெளியேற்றினார்களே" என்று சிலர் ஆதாரம் காட்டுவார்கள். உண்மை. ஆனால் முழுவதையும் படிக்க வேண்டும். கை கால்களில் மருதாணி இட்டிருந்த ஒருவரை அவர்கள் நகீஉ என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். "அவரைக் கொன்றுவிடலாமா?" என்று தோழர்கள் கேட்டபோது, தொழுபவர்களைக் கொல்வது தமக்குத் தடுக்கப்பட்டுள்ளது என மறுத்தார்கள். பெண்களின் அந்தரங்கத்தை வெளியில் வர்ணித்ததற்காக வெளியேற்றப்பட்ட இன்னொருவர் விஷயத்தில், அவர் பட்டினியால் மாண்டுவிடுவாரே என்று சொல்லப்பட்டதும், வாரத்தில் இருமுறை ஊருக்குள் வந்து உணவு கேட்டுப் பெற்றுச் செல்ல அனுமதி தந்தார்கள். இவ்விரண்டும் அபூதாவூதில் உள்ளன. சமுதாயத் தலைவர் என்ற முறையில் எடுத்த நடவடிக்கையிலும் அவருடைய உயிரையும் வயிற்றையும் அண்ணலார் மறக்கவில்லை. பெற்ற பிள்ளையை இரவோடிரவாக வெறுங்கையோடு பேருந்து நிலையத்தில் விடுபவர், இந்த ஹதீஸில் தமக்கு என்ன ஆதாரம் இருக்கிறதென்று எண்ணிப் பார்க்கட்டும்!

நூஹ் (அலை) அவர்களின் மகன் நிராகரிப்பிலேயே நின்றான். இதைவிடப் பெரிய பாவம் ஏது? ஆனாலும் மலைபோல் அலைகள் எழுந்த வேளையில் அந்தத் தந்தை அவனை மகனே என்றழைத்து, கப்பலில் ஏறிக்கொள்ளும்படி கூப்பிட்டார்கள். இருவருக்கும் நடுவே அலை வந்து பிரிக்கும்வரை அந்த அழைப்பு ஓயவில்லை. வாசலைச் சாத்தியது தந்தை அல்லர்.

கல்யாணம் மருந்தல்ல

இன்னொரு கொடுமையும் நம் வீடுகளில் நடக்கிறது. "நிக்காஹ் முடித்து வைத்தால் தானாகச் சரியாகிவிடும்" என்று விஷயத்தை மறைத்து, எங்கோ ஒரு ஏழை வீட்டுப் பெண்ணைக் கட்டிவைத்து விடுகிறார்கள். மனைவிக்கு அநீதி இழைப்போம் என்று உறுதியாகத் தெரிந்தவன் நிக்காஹ் செய்வது ஹராம். அந்த அச்சம் இருந்தால் மக்ரூஹ் தஹ்ரீமீ என ஹனஃபி நூல்கள் எழுதுகின்றன. தாம்பத்தியத்துக்கு இயலாத கணவனுக்கு உமர் (ரலி) அவர்கள் ஓராண்டு தவணை தந்து, அதன்பின் மனைவிக்குப் பிரியும் உரிமை அளித்தார்கள். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டமும் அந்த உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. நம் பிள்ளையின் குறையை மறைக்க அடுத்தவர் பிள்ளையின் வாழ்வைப் பலியிட யாருக்கும் உரிமையில்லை.

ஜமாஅத்தார் கவனத்திற்கு

பிறர் குற்றத்தைத் துருவுவதையும் புறம் பேசுவதையும் பட்டப்பெயர் சூட்டுவதையும் ஹுஜுராத் அத்தியாயம் தடுக்கிறது. 'அலி' என்றும், அதைவிடக் கேவலமான சொற்களாலும் தெருவில் கூப்பிடுவது அந்தத் தடையில்தான் விழும். சாட்சியின்றி ஒருவர் மீது மானக்கேட்டைச் சுமத்துவதும், கைப்பேசியில் படத்தோடு பரப்புவதும் பெரும்பாவம். தவறிழைத்த மாஇஸ் (ரலி) அவர்களை வந்து ஒப்புக்கொள்ளத் தூண்டியவரிடம், உம் ஆடையால் அவரை மறைத்திருந்தால் உமக்கு நன்றாயிருந்திருக்குமே என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்.

பாவம் செய்தவர், அதைப் பாவம் என்று ஏற்கும் வரை இஸ்லாத்தை விட்டு நீங்குவதில்லை. இதுவே அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் கொள்கை. எனவே தொழ வருபவரைப் பள்ளிவாசல் படியில் தடுப்பதற்கும், இறந்தவருக்கு ஜனாஸாவும் கபுருஸ்தானில் ஆறடி நிலமும் மறுப்பதற்கும் எந்த முத்தவல்லிக்கும் அதிகாரமில்லை. தாய் தந்தையர் விட்டுச் சென்றதில் அவருக்குள்ள பங்கை, "அவன் இந்தக் குடும்பத்தில் இல்லை" என்று கூறி அண்ணன் தம்பிகள் பங்கிட்டுக்கொள்வது நெருப்பை உண்பதற்குச் சமம்.

பெற்றோர்களே! ஹராமை ஹராம் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். சோறு போட்டுச் சொல்லுங்கள். உடல் சம்பந்தமானதை நல்ல மருத்துவரிடமும், மார்க்கம் சம்பந்தமானதை இரகசியம் காக்கும் ஆலிமிடமும் கேளுங்கள். தஹஜ்ஜுதில் அவர் பெயர் சொல்லி அழுங்கள். தௌபாவின் வாசலை அல்லாஹ் கியாமத்தின் அடையாளம் வரும்வரை திறந்து வைத்திருக்கிறான். நம் வீட்டு வாசல் அதற்கு முன்பே சாத்தப்பட வேண்டாம்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததிகளையும் பாவங்களிலிருந்து காப்பானாக! நீதியும் இரக்கமும் ஒருசேரக் கடைப்பிடிக்கும் உள்ளத்தை நமக்கு அருள்வானாக! வழி தெரியாமல் கலங்கி நிற்கும் பெற்றோர்க்கும் பிள்ளைகளுக்கும் நல்வழி காட்டுவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.