கட்டணமா? தண்டனையா?

கொடுத்த பொருளுக்கு விலை கேட்பது வாணிகம். செய்த பணிக்குக் கூலி கேட்பது உரிமை. கொடுக்காத பொருளுக்கும் செய்யாத பணிக்கும் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு 'நிர்வாகக் கட்டணம்' என்று பெயரும் சூட்டினால் அதனை என்னவென்று அழைப்பது? வாணிகம் என்பதா? உரிமை என்பதா? பயணச் சீட்டை மாற்றவோ நீக்கவோ நேரும்போது நம்மிடம் பிடிக்கப்படும் தொகையைப் பற்றியதே இக்கேள்வி. "சிறு தொகைதானே!" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிறு தொகைக்கு எவரும் வழக்காடுவதில்லை. அந்தத் துணிவிலேதான் அநீதி அங்கே குடியேறுகிறது.

திருக்கனூரில் இரயில் நிலையம் இல்லை. வண்டியேற விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ செல்லவேண்டும். இவ்வூர்க் கரும்புக் கழனியிலே உழைக்கும் ஒருவர், வெளிமாநிலத்தில் தேர்வெழுதப் போகும் மகனுக்குப் படுக்கைச் சீட்டு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முழுப் பணத்தையும் அன்றே கட்டுகிறார். கிடைத்ததோ இடமல்ல, காத்திருப்போர் பட்டியலிலே ஓர் எண். நாள்கள் நகர்கின்றன, எண்ணும் நகர்கிறது. புறப்படும் நாளில் பட்டியல் முடிகிறது. இடம் இல்லை! இணையத்தில் எடுத்த சீட்டு தானாகவே நீங்கிவிடுகிறது. பணம் திரும்பி வருகிறது. ஆனால் குறைந்து வருகிறது!

2015 நவம்பர் 12 அன்று நடைமுறைக்கு வந்த இரயில்வே விதிகள், காத்திருப்புப் பட்டியலில் உள்ள இத்தகைய சீட்டுக்கு ஆளுக்கு 60 ரூபாய் பிடிக்க வகை செய்தன. அதன் பெயர் 'கிளார்க்கேஜ்'. எழுத்தர் வேலைக்கான கூலி என்பது அதன் பொருள். எந்த எழுத்தர்? என்ன எழுதினார்? பெயரையும் வயதையும் எழுதியவர் பயணியே. சீட்டை நீக்கியது கணிப்பொறி. பயணம் வேண்டாம் என்று அந்தத் தந்தை சொல்லவில்லை. இடம் இல்லை என்று சொன்னது இரயில்வே. சொல் தவறாதவன் தண்டம் கட்ட, இடம் தராதவன் அதைப் பெற்றுக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

துளி துளியாகச் சேர்வது சிறு வெள்ளமன்று. 2021 முதல் 2024 ஜனவரி வரை, நீக்கப்பட்ட காத்திருப்புப் பட்டியல் சீட்டுகளால் கிடைத்த வருவாய் 1,229 கோடி ரூபாய்க்கு மேல் என்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இரயில்வே தந்த விடையே கூறிற்று. பயணமே நிகழாத பயணங்களின் வருவாய் இது!

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இருநூறு ரூபாய்ப் படுக்கைச் சீட்டிலே 60 ரூபாய் என்றால் நூற்றுக்கு முப்பது போயிற்று. மூவாயிரம் ரூபாய்க் குளிரூட்டிய பெட்டிச் சீட்டிலும், வரி நீங்கலாக, அதே 60 ரூபாய்தான், நூற்றுக்கு இரண்டு. தொகை ஒன்று, சுமை ஒன்றல்ல. எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்பது கேட்கச் சமத்துவம் போலத் தோன்றும். இளைத்த தோளிலும் பருத்த தோளிலும் ஒரே மூட்டையை ஏற்றுவதா சமத்துவம்?

எதிர்த்தரப்பையும் கேட்போம். கேளாமல் தீர்ப்பளிப்பது பகுத்தறிவாகாது. "நேற்று வெற்றிடமாக ஓடிய படுக்கையை இன்று விற்க முடியாது. நீக்குவதற்கு விலையே இல்லையென்றால், ஒரு பயணத்துக்கு மூன்று வண்டிகளில் இடம் பிடித்து வைப்பர், உண்மையில் போகவேண்டியவர் தெருவில் நிற்பார்" என்று அவர்கள் கூறுவர். மெய்தான், மறுப்பதற்கில்லை. உறுதியான சீட்டை, வண்டி புறப்பட 48 மணி முதல் 12 மணி வரை இருக்கும்போது நீக்கினால் கால் பங்கு, அதன்பின் 4 மணி வரை அரைப் பங்கு என்று அதே 2015 விதிகள் படிப்படியாக வகுத்ததிலே ஒரு நியாயம் உண்டு. நேரம் நெருங்க நெருங்க, அந்த இடம் வேறொருவருக்குப் பயன்படும் வாய்ப்பு குறைகிறது, இழப்பு கூடுகிறது. பிறருக்கு இழப்பை உண்டாக்கியவன் அதை ஈடுசெய்யட்டும்!

ஆக, பிடிக்கப்படும் தொகைக்கு மூன்று முகங்கள் உண்டு. செய்த வேலைக்கான செலவு ஒன்று. உண்டான இழப்புக்கான ஈடு மற்றொன்று. இவ்விரண்டும் நியாயமானவை. மூன்றாவது, வேறு வழியற்றவனின் இயலாமைக்கு வைக்கப்படும் விலை. காத்திருப்புப் பட்டியல் சீட்டால் எந்த இடமும் வீணாகவில்லை; ஆகவே ஈடு என்பதற்கு அங்கே இடமில்லை. செலவு என்பரோ? வண்டியேறும் நிலையத்தை இணையத்தில் மாற்றிக்கொள்ள இதே கணிப்பொறி கட்டணம் கேட்பதில்லையே! அங்கே இலவசமாக அசையும் பொறி, இங்கே மட்டும் 60 ரூபாய்க்குத்தான் அசையுமா?

கடல் கடந்த நாட்டிலும் இதே பாடம். அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம், உள்நாட்டுப் பயணத் தேதியை மாற்ற 200 டாலர் வாங்கி வந்தது. 2020 ஆகஸ்டு இறுதியில், பெருந்தொற்றால் விமானங்கள் காலியாகப் பறந்த வேளையில், பெரும்பாலான சீட்டுகளுக்கு அக்கட்டணத்தையே நீக்கியது. டெல்ட்டாவும் அமெரிக்கனும் பின்தொடர்ந்தன. செலவென்றால் ஒரே நாளில் அது மறையுமா? மறைந்தது செலவன்று. பயணிக்கு வேறு வழியில்லை என்ற துணிவே அன்று மறைந்தது.

"விதியை ஏற்றுக்கொண்டுதானே சீட்டு எடுத்தீர்?" என்பது அவர்களின் இறுதி அம்பு. ஊருக்கு ஒரே கிணறு. அதற்கு ஒரே உரிமையாளர். தாகத்தால் தவித்தவன் கேட்ட விலையைக் கொடுத்தான். அதை ஒப்பந்தம் என்று கொண்டாடலாமா? சட்டமே அப்படிக் கொண்டாடவில்லை. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகை எழுதியிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான ஈடு மட்டுமே பெறலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவிலே. இழப்புக்கு முற்றிலும் பொருந்தாத தண்டத்தை, நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களுள் ஒன்றாகக் காட்டுகிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பணத்தைத் திருப்பித் தரும் வேலைக்கென்று விமான நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்கலாகாது என்று 2016-லேயே விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விதித்தது. வானத்தில் செல்பவருக்குக் கிடைத்த காப்பு, தரையில் செல்பவருக்கு எட்டாத கனியாக இருக்கலாமா?

கடமை இருபக்கமும் ஓடவேண்டும். வண்டியை இரயில்வே நிறுத்திவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பும். மூன்று மணிக்கு மேல் தாமதமாகிப் பயணி ஏறாவிட்டாலும் திரும்பும். நன்று. ஆனால், தவறிப்போன தேர்வுக்கு ஈடு யார் தருவார்? நம் மாற்றத்துக்கு விலை உண்டு. அவர்கள் மாற்றத்துக்குத் திருப்பித் தருதல் மட்டுமே உண்டு. தராசின் ஒரு தட்டிலே மட்டும் கல் வைப்பது நடுவுநிலையாகுமா?

பூம்புகார் வணிகரைப் பட்டினப்பாலை போற்றியது, அவர்களின் செல்வத்துக்காக மட்டுமன்று. வாங்கும்போது மிகுதியாக வாங்காமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருந்த செம்மைக்காக. பழம்பெருமை பேசி மயங்க இதைச் சொல்லவில்லை. கணிப்பொறி இல்லாத காலத்திலும் கணக்கு நேராக இருக்க முடிந்தது என்பதற்காகவே சொல்கிறேன்.

விதிகள் வானிலிருந்து விழுந்தவையல்ல. மனிதர் வகுத்தவை, மனிதர் மாற்றக்கூடியவை. உறுதியான சீட்டின் பயணத் தேதியைக் கட்டணமின்றி இணையத்தில் மாற்ற வழி செய்யப்படும் என்று 2025 அக்டோபரில் இரயில்வே அமைச்சரே அறிவித்தார். பழைய முறையில் பயணியின் நலன் இல்லை என்பதை ஆட்சியே உணர்ந்ததற்கு அதுவே சான்று.

இளைஞர்களே! இலவசம் கேட்பது நம் வேலையன்று. கணக்குக் கேட்போம். நீக்குவதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்று வெளியிடட்டும். இழப்புக்கேற்ற ஈடு பெறட்டும். கட்டணத்துக்கேற்ற அளவோடு பெறட்டும். இடமே தராத சீட்டுக்கு ஒரு காசும் பிடிக்காதிருக்கட்டும். அறுபது ரூபாய்க்காக இவ்வளவு வாதமா என்பாரிடம் அமைதியாக ஒன்றே கேளுங்கள்: அவ்வளவு சிறிய தொகையென்றால், அதைத் திருப்பித் தர ஏன் இவ்வளவு தயக்கம்?