காய்ச்சலும் கருணையும்

மூமின்கள் ஓருடல் போன்றவர்கள்; ஓர் உறுப்பு நோவுற்றால் ஏனைய உறுப்புகளும் உறக்கம் துறந்து காய்ச்சலுற்று அதன் துயரில் பங்கேற்கின்றன. இது அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய உண்மை. காய்ச்சல் என்பது பெரும்பாலும் உடலின் காவற்படை விழித்தெழுந்ததன் அடையாளம் என்று மருத்துவம் கூறுகிறது. அவ்வாறாயின், துன்புற்றவனுக்காக நம்முள் எழும் வெப்பத்திற்கு எல்லை உண்டா? இதுவே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

கையிலோ காலிலோ நரம்பு ஒன்று அறுபடுகிறது. மூலத்தோடு தொடர்பிழந்த பகுதி சிதைந்துபோவதை 1850ஆம் ஆண்டிலேயே வாலர் என்னும் ஆங்கில மருத்துவர் தவளையின் நாக்கு நரம்புகளில் கண்டு விளக்கினார். அச்சிதைவுகள் வழியை அடைத்துக் கிடக்கும்வரை புதிய இழை எளிதில் வளராது. நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்கள் அழைப்பு விடுக்கின்றன. பெருவிழுங்கிகள் எனப்படும் காவலணுக்கள் குருதியிலிருந்து விரைந்து வந்து சிதைவுகளை விழுங்கி அகற்றுகின்றன. பின்னர் அவை போர்க்கோலம் களைந்து, வளர்ச்சிக்கு உதவும் பொருள்களைச் சுரக்கின்றன. நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் இத்துப்புரவு மிக மெதுவாக நடைபெறுவது, அங்கு அறுந்த நரம்புகள் மீளாமைக்குரிய காரணங்களுள் ஒன்று.

இதே காவல் எல்லை கடந்தால் என்னாகும்? திருவண்ணாமலை இதற்கு விடை அறிந்த மண். 1989இல் தனி மாவட்டத்தின் தலைநகராகும்வரை அந்நகர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. தொழுநோய் மிகுந்திருந்த அம்மாவட்டத்தில்தான் வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆய்வு மையம் எழுந்தது. தொழுநோய்க் கிருமி ஷ்வான் செல்களுக்குள்ளேயே குடிபுகுகிறது. அதனை ஒழிக்க எழும் எதிர்ப்பாற்றல் கட்டுமீறும்போது, நரம்பே வீங்கி நலிந்து உணர்விழக்கிறது. காக்க வந்த கையே கழுத்தை நெரிக்கிறது! ஆகவேதான் மருத்துவர்கள் கிருமியைக் கொல்லக் கூட்டு மருந்தும், காவலின் சீற்றத்தைத் தணிக்க ஸ்டீராய்டும் தருகின்றனர்.

சமுதாயம் செய்த பிழையும் இதுவே. தற்காப்பு என்னும் பெயரால் 1898இன் சட்டம் வறிய தொழுநோயாளரை அடைத்து வைக்க வழிசெய்தது. 2016இல்தான் அது நீக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் தொழுநோய் ஒரு காரணமாக இருந்தது. பிற சமயத்தார்க்குரிய மணச் சட்டங்களிலும் அவ்வாறே. 2019இல் அவையனைத்திலிருந்தும் அது அகற்றப்பட்டது. மருந்து வந்த பின்னரும் நம் அச்சம் அடங்க எத்தனை ஆண்டுகள் ஆயின!

கோபம் அறவே இல்லாமையும் குறை, மிகுதலும் குறை; நடுநிலையே நலம் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் விளக்கம். தங்கைக்கு அநீதி நேரும்போது அண்ணன் கொதிக்காவிடில் அவ்வீடு உணர்விழந்த உறுப்பேயாகும். ஆனால், வழக்குத் தீர்ந்து ஜமாஅத்தார் கைகோத்து வைத்த பின்னரும் அவன் கொதித்துக்கொண்டே இருந்தால், வெந்துபோவது தங்கையின் வாழ்வன்றோ? அவளுக்கு அப்போது வேண்டுவது வாளன்று. நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக வளரும் நம்பிக்கைக்குக் காவல்.

எழ வேண்டிய வேளையில் எழவும், அடங்க வேண்டிய வேளையில் அடங்கவும் வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.