கையின் விலை

துண்டுத் துணிகளை ஓர் ஒழுங்கில் இணைத்து, நடுவே பஞ்சு விரித்து, மூன்று படைகளும் ஒன்றாகும்படி ஊசியால் நெருக்கமாகத் தைத்த போர்வையை மேனாட்டார் 'குவில்ற்' என்பர். முழுவதையும் கையாலே தைப்பதாயின் பல நூறு மணி நேரம் செல்லும். இத்தகைய போர்வைகள் வறிய நாடுகளில் தைக்கப்பட்டு, செல்வ நாடுகளின் கடைகளில் மலிவு விலைக்கு விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குவது அறமாகுமா?

இதற்கு இருவகை விடைகள் கூறப்படுகின்றன. சுரண்டலுக்குத் துணைபோகாதே, உள்நாட்டுக் கைவினைஞரை ஆதரி என்பது ஒன்று. வாங்காவிடில் அவ்வேழைப் பெண்ணுக்கு அச்சிறு வருவாயும் இல்லாமற் போகும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. ஆயினும் இரண்டும் வினாவின் வேரைத் தொடவில்லை என்பதே நமது கருத்து.

1992ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த சர்ச்சையொன்று இதனைத் தெளிவாக்கும். வொஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம், தன் அரும்பொருட் சேகரிப்பிலிருந்த சில பழம் போர்வைகளின் பிரதிகளைச் செய்து விற்க ஒரு வணிக நிறுவனத்துக்கு உரிமை வழங்கியது. அப்பிரதிகள் சீனாவிற் கையால் தைக்கப்பட்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. அமெரிக்கப் போர்வைக் கலைஞர்கள் கொதித்தெழுந்தனர்; பல்லாயிரவர் மனுவிற் கையொப்பமிட்டனர். பின்னர் சில போர்வைகளை அமெரிக்காவிலேயே செய்விக்க நிறுவனம் இணங்கியது.

எதிர்ப்பிலே நியாயம் இருந்தது. அந்நாட்டுச் சட்டப்படி அவ்வாண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டொலர். ஒரு போர்வைக்கு 300 மணி எனக் கொண்டால், உழைப்புக்கு மட்டும் 1,275 டொலர் ஆகும். அதே போர்வை 300 டொலருக்கு விற்கப்படுமாயின், அத்தொகை முழுவதும் தைத்தவளைச் சேர்ந்தாலும் மணிக்கு ஒரு டொலரே கிடைக்கும். துணியின் விலை, கப்பற் கூலி, இறக்குமதியாளன் பங்கு, கடைக்காரன் இலாபம் யாவும் கழிந்தபின் அவளுக்கு எஞ்சுவது என்ன? 'கைவேலை' என்னும் சொல் பொருளின் அழகைக் கூறும்; கையின் கூலியைக் கூறாது.

எனினும், 'அந்நியப் பொருள்' என்ற கூச்சல் அக்கூலியைப் பற்றியதன்று. சீனப் பெண்ணின் கை அமெரிக்கப் பெண்ணின் கைக்குப் பகையன்று. இருவரையும் போட்டியிட வைத்து இலாபம் காண்பவன் வேறொருவன். நாட்டெல்லையை அறத்தின் எல்லையாகக் கொள்வோர் அவனைக் காணத் தவறிவிடுகின்றனர்.

பிரதி செய்யப்பட்ட போர்வைகளுள் ஒன்றின் வரலாறே இதற்குச் சான்று. அதனைத் தைத்தவர் ஹரியற் பவர்ஸ். 1837இல் ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண். விவிலியக் காட்சிகளைத் துணியில் வடித்த அப்போர்வையை வாங்க ஓவிய ஆசிரியை ஒருவர் விரும்பியபோது, முதலில் அவர் விற்க மறுத்தார். சில ஆண்டுகளின் பின் வறுமை நெருக்கவே, 10 டொலர் கேட்டு 5 டொலருக்குக் கொடுத்தார். கொடுத்த பின்னும் தம் போர்வையைப் பார்க்கப் பலமுறை சென்றார். இங்கே கடலுமில்லை, இறக்குமதியுமில்லை. வாங்கியவர் அதே ஊரவர்; கலையை மதித்தவர். ஆயினும் விலையைத் தீர்மானித்தது கலையுமன்று, உழைப்புமன்று, விற்பவளின் இல்லாமையே.

ஆகவே வினா, பொருள் எங்கிருந்து வந்தது என்பதன்று. அதன் விலையைச் சொல்லும் உரிமை தைத்தவளுக்கு இருந்ததா என்பதே. 1966இல் அலபாமா மாநிலத்தின் வில்கொக்ஸ் மாவட்டத்துக் கறுப்பினப் பெண்கள் 'சுதந்திரப் போர்வைத் தையற் குழு' என்னும் கூட்டுறவை அமைத்தனர். வாக்குரிமை கோரியமைக்காகக் குடியிருந்த நிலத்திலிருந்து பலர் துரத்தப்பட்ட காலம் அது. தனித்தனியே அற்ப விலைக்கு விற்ற அதே போர்வைகளை அவர்கள் ஒன்றுசேர்ந்து நகரக் கடைகளுக்கு விற்றனர். கூட்டுறவின் பெயரில் நிலம் வாங்கித் துரத்தப்பட்ட குடும்பங்கள் சிலவற்றைக் குடியேற்றினர். 2012இல் அக்கூட்டுறவு முடிவுற்றது. எனினும், ஊசி பிடித்த கை ஒன்றுபட்டால் விலை பேசவும் வல்லது என்பதை அது நிறுவிச் சென்றது.

இவ்வினா நமக்கு அயலானதன்று. 1978இல் கட்டுநாயக்காவிற் சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது முதல், பிறநாட்டார் உடுக்கத் தைக்கும் கைகளை நாமும் அறிவோம். அங்கு வேலைசெய்யும் பெண்ணிடம், 'நீ தைத்ததை எவரும் வாங்காமல் விடுவதே உனக்குச் செய்யும் நீதி' என்று சொல்ல நம்முள் யார் துணிவர்? 'வாங்குகிறோமே, அது போதாதா?' என்று சொல்லத்தான் யாருக்கு உரிமையுண்டு?

வாங்க மறுப்பதால் மட்டும் நம் கை தூய்மையாகிவிடாது. வாங்குவதனால் மட்டும் நாம் கொடையாளராகிவிடுவதுமில்லை. நியாய விலைக்குரிய பொருளை அவ்விலை கொடுத்து வாங்குதல், இயலாவிடில் அப்பொருளின்றி வாழ்தல் ஆகியவை நம்மால் தனியே ஆகும் காரியங்கள். தைப்பவர்கள் சங்கம் அமைத்துக் கூலி கேட்கும்போது, அவர்கள் எந்நாட்டவராயினும், அவர்கள் பக்கம் நிற்பதே இவற்றினும் பெரிய கடமை. மலிவான போர்வை ஒன்று நம் கைக்கு எட்டும்போது நாம் எழுப்பவேண்டிய கேள்வி இதுதான்: இங்கே குறைந்த விலையின் எஞ்சிய பகுதியை யார் செலுத்தினார்?