தட்டிக் கொடுக்கும் கை

தெய்வத்தை நம்பினால் கைத்திறமை வந்துவிடுமா? வராது என்றுதான் அறிவு சொல்கிறது. பக்தியுள்ள தச்சன் செய்தாலும், அளவு தப்பிய நாற்காலி ஆடத்தான் செய்யும். ஆனால், திறமையைத் தேடிப் புறப்பட்டவன் பாதி வழியில் திரும்பிவிடாமல் காப்பது எது என்று கேட்டால், அதே அறிவு சற்றுத் தடுமாறுகிறது. இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவர் ஓர் அமெரிக்க பேஸ்பால் வீரர்.

பேஸ்பாலைக் கிரிக்கெட்டின் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் எறிகிறவர் விடும் பந்து தரையில் பட்டு எழும்புவதில்லை. காற்றிலேயே மட்டைக்காரரிடம் போய்ச் சேருகிறது. வேகமும் சுழற்சியுமே எறிகிறவரின் செல்வம்.

ஆர். ஏ. டிக்கி அப்படி எறிகிறவராக இருந்தார். 1996-இல் டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, 8,10,000 டாலர் தருவதாகச் சொல்லியது. பிறகு மருத்துவர்கள் பார்த்தபோது, முழங்கையில் எல்லாருக்கும் இருக்கும் ஒரு தசைநார் அவருக்கு இல்லவே இல்லை என்று தெரிந்தது. தொகை 75,000 டாலராகச் சுருங்கிவிட்டது. அதன்பின் பெரிய அணிக்கும் சிறிய அணிகளுக்குமாக அவர் அலைந்த ஆண்டுகள் பல.

2005-இல் அணியின் பயிற்சியாளர் ஓரல் ஹெர்ஷைசர் அவரிடம் உண்மையைச் சொன்னார். இப்போது எறிவதை வைத்துக்கொண்டு இனிப் பிழைக்க முடியாது. 'நக்கிள்பால்' என்ற வித்தையை நம்பி இறங்கு என்பதே அந்த யோசனையின் சாரம். ஹெர்ஷைசரும் தம் கிறிஸ்தவ விசுவாசத்தை மறைக்காதவர். நாம் உற்சாகப்படுத்துவது என்றால் புகழ்வது என்று எண்ணுகிறோம். முப்பது வயது மனிதனிடம், 'நீ கற்றது போதாது. புதிதாகக் கற்றுக்கொள்' என்று சொல்வதும் உற்சாகம்தான். உன்னால் இனியும் கற்க முடியும் என்று நம்புகிறவர்தானே அப்படிச் சொல்வார்?

நக்கிள்பால் விசித்திரமான பந்து. விரல் நகங்களால் பற்றி, பெரும்பாலும் சுழலாதபடி விட வேண்டும். அப்போது தையல்மேல் படும் காற்று அதை இப்படியும் அப்படியும் அலைக்கழிக்கிறது. எங்கே போகும் என்று எறிந்தவருக்கே நிச்சயமில்லை. பிடிப்பவரும் வழக்கத்தைவிடப் பெரிய கையுறை போட்டுக்கொள்வதுண்டு. இதில் தேர்ந்த சார்லி ஹஃப் என்ற பழைய வீரர் டிக்கிக்குப் பற்றும் முறையைக் காட்டிக் கொடுத்தார்.

2006 ஏப்ரல் 6-ஆம் தேதி பரீட்சை வந்தது. அன்று டெட்ராய்ட் அணியினர் டிக்கியின் பந்துகளை ஆறு முறை, நம் சிக்ஸரைப் போல, எல்லைக்கு வெளியே அடித்தனுப்பினார்கள். நவீன காலத்தில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் அதற்கு மேல் கொடுத்ததில்லை. மறுபடியும் சிறிய அணிக்குப் போனார். அன்றும் அவர் விசுவாசிதான்; ஆனால் எந்தத் தெய்வக் கரமும் குறுக்கே வந்து அந்தப் பந்துகளைத் தடுக்கவில்லை.

பிறகு ஃபில் நீக்ரோ என்ற மூத்தவர் திருத்தங்கள் சொன்னார். எதிரணியில் இருந்த டிம் வேக்ஃபீல்டுகூடத் தொழில் ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டார். 2012-இல், முப்பத்தேழாவது வயதில், நியூயார்க் மெட்ஸ் அணிக்காக டிக்கி 20 வெற்றிகள் கண்டார்; தோல்வி ஆறுதான். சிறந்த எறிவீரருக்கான சை யங் விருதும் கிடைத்தது. நக்கிள்பால் எறிகிற ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

நம் வைணவப் பெரியவர்கள் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் காட்டி வாதிட்டார்கள். தாயைக் குட்டி பற்ற வேண்டுமா, தாயே குட்டியைக் கவ்விக்கொள்வாளா? முயற்சியா, அருளா? இந்தப் பந்தில் அவ்விரண்டும் சண்டையிடவில்லை. பற்றுவதற்கு ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். விட்டபின் காற்றை நம்ப வேண்டும்.

'இரண்டு அணியிலும் ஜெபிக்கிறார்கள், ஒன்றுதானே ஜெயிக்கிறது? ஜெபித்தும் தோற்றவன் கதையை யார் எழுதுகிறார்கள்?' என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. விருதை வைத்து விசுவாசத்தை அளந்தால், அது லாட்டரிச் சீட்டாகிவிடும். கதை எழுதிப் பிழைக்கிறவனாகிய எனக்கு, 2012-ஐவிட 2006-தான் முக்கியமாகப் படுகிறது. ஆறு அடி வாங்கியவன் மறுநாளும் பந்தை எடுக்க வேண்டுமானால், 'என் மதிப்பு இந்தப் பந்தில் மட்டும் இல்லை' என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். சிலருக்கு அதைக் கடவுள் சொல்கிறார். சிலருக்கு ஒரு மனிதர் சொல்கிறார். டிக்கிக்கு இரண்டும் வாய்த்தன.

ஜெயித்தவனின் முதுகைத் தட்ட ஊரே திரண்டு வரும். அடி வாங்கி நிற்கிறவனுக்குத்தான் ஒரு கை வேண்டும். விருது கடைசிவரை வராமலே போயிருந்தாலும், ஹெர்ஷைசர் அன்று சொன்னது நல்ல சொல்லாகவே இருந்திருக்கும்.