குறையைச் சொன்னால் மட்டும் போதுமா?

பொருள் கைக்கு வருமுன் பணம் கொடுப்பவர், வியாபாரியின் வார்த்தையை நம்பியே கொடுக்கிறார். பொருளை ஒப்படைக்கும் வரை அப்பணம் இலாபமல்ல, அமானிதம்.

2012-ல் அமெரிக்காவில் 'பெப்பிள்' நிறுவனம், கைபேசிச் செய்திகளைக் காட்டும் கைக்கடிகாரம் செய்யப் பொதுமக்களிடம் ஒரு லட்சம் டாலர் கோரியது. ஏறத்தாழ 69,000 பேர் ஒரு கோடி டாலருக்கும் மேல் தந்தனர். செப்டம்பரில் தருவதாகச் சொன்ன கடிகாரம் 2013 ஜனவரியில்தான் புறப்பட்டது. தாமதத்தை நிறுவனம் மறைக்கவில்லை.

2016 டிசம்பரில் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. அவ்வாண்டு முன்பணம் கட்டிக் கடிகாரம் பெறாதவர்களுக்குப் பணத்தைத் திருப்புவதாகவும் கூறிற்று. ஆனால், முன்பே வாங்கியோருக்கு அளித்திருந்த உத்தரவாதம் அத்துடன் முடிந்தது.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். குறையை மறைப்பது மோசடி. குறையைச் சொல்லிவிட்டு, நஷ்டம் முழுவதையும் நம்பியவர் தலையில் சுமத்துவது மட்டும் நீதியாகுமா? பணம் கொடுத்தவர் யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருக்கும்போதே உண்மையைச் சொல்ல வேண்டும். திருப்பித் தர வேண்டியதைத் திருப்பித் தர வேண்டும். மீதிக்கு, கொடுத்தவரிடம் பொறுத்தருளக் கேட்க வேண்டும்.

நாவால் ஒப்புக்கொண்டதைக் கையால் நிறைவேற்றுவதே நாணயம்.