கோயிற்பிள்ளையின் ஊதியம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. வரவு குன்றும்போது செலவைக் குறைப்பது குடும்பத்துக்கு மட்டுமன்று, திருச்சபைக்கும் கடமையே. இதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. அளக்கும் கை யாருடையது, குறைகின்ற பங்கு யாருடையது என்று கேட்கும்போதுதான் கணக்கு அறநெறிச் சிக்கலாகிறது.

சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் ஒரு சிறிய லூத்தரன் சபை இருப்பதாக எண்ணிக்கொள்வோம். அதன் உறுப்பினர்கள் கல் செதுக்குவோர், கூலி வேலை செய்வோர், நாள்தோறும் செங்கற்பட்டுக்குப் பணிக்குச் சென்று திரும்புவோர். ஞாயிறு காணிக்கையும் அறுப்பின் பண்டிகை ஏலமுமே வருவாய். நூறு ரூபாய் வந்த இடத்தில் எண்பதே வருகிறது. இது புதிய அனுபவமன்று. 2020 மார்ச் இறுதியில் ஆலயக் கதவுகள் அடைபட்டு, காணிக்கைத் தட்டு மாதக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்ததை எல்லாச் சபைகளும் அறியும். நம் கற்பனைச் சபையில் ஊதியம் பெறுவோர் நால்வர்: போதகர், உபதேசியார், ஆர்கன் வாசிப்பவர், மணியடித்து ஆலயத்தைப் பெருக்கிக் காக்கும் கோயிற்பிள்ளை. சபைச் சங்கம் கூடுகிறது. யாரை நிறுத்துவது?

விடை விரைவிலேயே கிடைத்துவிடுகிறது. போதகரின் ஊதியம் மேலிடம் வகுத்தது; அதில் கைவைக்க இயலாது. ஆர்கன் இல்லாவிடில் ஆராதனை சோபிக்காது. உபதேசியாருக்கு வேண்டுமானால் பாதி கொடுக்கலாம். கோயிற்பிள்ளையின் வேலையையோ வாலிபர்கள் முறைபோட்டுச் செய்துவிடுவார்கள். ஒவ்வொரு காரணமும் தனித்தனியே நியாயமாகத்தான் தோன்றுகிறது. யாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பாரம் முழுவதும் படிப்படியாகச் சரிந்து, அக்கூட்டத்தில் நாற்காலி இல்லாத ஒருவர்மீது இறங்கியிருக்கிறது.

மாமல்லபுரத்து ஒற்றைக்கல் இரதங்கள் மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டவை. பணி நின்றபோது உச்சி முழுமை பெற்றிருந்தது. நிறைவுறாமல் போனது அடிப்பகுதியே. தர்மராச இரதத்தின் கீழ்த்தளத்தில் இதனை இன்றும் காணலாம். பாறைக்கு இதனால் தீங்கில்லை. செதுக்காத அடியும் சிகரத்தைத் தாங்கும். ஆனால் சபையின் அடித்தளம் மனிதர். அவர்களை அவ்வாறு பாதியில் விட்டுவிட முடியுமா?

இக்கேள்விக்கு லூத்தரன் மரபிலேயே ஒரு பழைய விடை உண்டு. 1523-ஆம் ஆண்டு, சாக்சனி நாட்டின் லைஸ்னிக் என்னும் சிறு நகரத்தார் தங்கள் ஆலய வருவாய் அனைத்தையும் ஒரே பொதுப் பேழையில் சேர்க்க ஒழுங்கு வகுத்தனர். மார்ட்டின் லூத்தர் அதற்கு முன்னுரை எழுதினார். போதகர், கோயிற்பிள்ளை, பள்ளி ஆசிரியர், முதியோர், அனாதைகள், கட்டடப் பராமரிப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அப்பேழையிலிருந்தே செலவு. அதைக் காக்கும் பதின்மரில் உயர்குடியினர் இருவர், நகர மன்றத்தார் இருவர், நகர மக்கள் மூவர், நாட்டுப்புற உழவர் மூவர். பேழைக்கு நான்கு பூட்டுகள். வகுப்புக்கு ஒரு திறவுகோல். உழவர் வராமல் பேழை திறவாது! வருவாய் போதாவிடில் ஒவ்வொருவரும் தத்தம் சக்திக்கேற்ப ஆண்டு வரி செலுத்தவேண்டும் என்றும் விதித்தனர். நகர மன்றம் சொத்துகளை ஒப்படைக்க மறுத்தமையால் அத்திட்டம் எண்ணியபடி நிறைவேறவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் அதன் அறம் தெளிவானது: குறைவு நேரும்போது முதலில் கேட்கப்பட வேண்டியவர் இருப்பவர், முடிவெடுக்கும்போது எளியவரின் கையிலும் ஒரு திறவுகோல் இருக்கவேண்டும்.

நம் மண்ணின் வரலாறும் ஒரு பாடம் சொல்கிறது. 1706-இல் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். 1728-இல் சூல்ட்சே சென்னையில் பணி தொடங்கினார். டென்மார்க்கு அரசரும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தாரும் பணமும் ஆட்களும் அனுப்பினர். பின்னர் ஐரோப்பாவில் ஆர்வம் தணிந்தது, வருவோர் அருகினர். அந்தப் பழைய மிஷனின் கடைசி ஊழியரான கெம்மரர் 1837-இல் காலமானார். முதல் உலகப்போரின்போது லைப்சிக் மிஷனின் ஜெர்மானிய ஊழியர்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். ஆயினும் சபைகள் அழியவில்லை. 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை உருவாயிற்று. இடைக்காலங்களில் விசுவாசத்தைக் காத்தவர்களுள் முதன்மையானோர், 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனின் வழிவந்த தமிழ்ப் போதகர்களும், சிறு ஊதியம் பெற்ற உபதேசியார்களுமே. வரவுசெலவுக் கணக்கில் கடைசி வரியில் இருந்தவர்களே நெருக்கடியில் முதல் தூண்களாயினர்.

இனி, வாலிபர்கள் முறைபோட்டுச் செய்வார்கள் என்ற வாதத்துக்கு வருவோம். விசுவாசிகள் அனைவரும் குருத்துவத்தில் பங்குபெறுகின்றனர் என்பது லூத்தர் வலியுறுத்திய கொள்கை. அவ்வாறாயின் மணியடிப்பதும் பெருக்குவதும் எல்லாருக்கும் உரிய ஊழியந்தானே என்று கேட்கலாம். ஆம், உரியதே. ஆனால் நான் என் ஓய்வு நேரத்தைக் கொடுத்தால் அது என் காணிக்கை. என் இலவச உழைப்பால் பிறர் உணவு பறிபோனால் அது அவர் செலுத்திய காணிக்கை, அதுவும் அவர் விரும்பாமலே செலுத்தியது. பிறர் பொருளைத் தட்டில் இட்டுவிட்டு நம் பெயரில் இரசீது எழுதிக்கொள்ளலாகாது. தன்னார்வத் தொண்டு, ஊதியம் பெறுபவரின் சுமையைக் குறைக்கட்டும், அவரையே குறைக்கவேண்டாம்.

எந்நிலையிலும் எவரையும் நிறுத்தலாகாது என்று வாதிடுவது எளிது. ஆனால் இல்லாத பணத்தைக் கொடுக்கவும் இயலாது. கொடுக்க வழியின்றி வாக்குறுதியை மட்டும் நீட்டிக்கும் சபை, பல மாத ஊதியத்தை நிலுவையில் வைத்து வேறொரு அநீதி செய்கிறது. ஆகவே குறைத்தே தீரவேண்டுமெனில், அந்தக் குறைப்பு மேலிருந்து தொடங்கட்டும்: திருவிழா ஆடம்பரம், புதிய கோபுரம், ஒலிபெருக்கி, பின்னர் மிகுதியாகப் பெறுவோர் மனமுவந்து விட்டுக்கொடுக்கும் பகுதி. அதன்பின்னும் ஒருவர் போகவேண்டியிருந்தால், அவரை முன்னதாகவே அழைத்து, கணக்கை அவர்முன் விரித்துவைத்து, அவர் சொல்வதையும் கேட்டு, வேறு வேலை தேடக் காலமும் சேரவேண்டிய தொகையும் கொடுத்து அனுப்பவேண்டும். பூட்டின கதவைக் கண்டு தன் வேலை போனதை ஒருவர் அறிந்துகொள்ளும் நிலை எந்த ஆலயத்துக்கும் வரலாகாது.

இது லூத்தரன் சகோதரர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. நம் பங்குகளிலும் உபதேசியார் உண்டு, கோயிற்பிள்ளை உண்டு. உலகுக்கு நீதியை எடுத்துரைக்கும் திருச்சபை முதலில் தன்னிடம் பணிபுரிவோருக்கு நீதி வழங்கவேண்டும் என்பதை 1971-இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றமும் வலியுறுத்தியது. அடுத்த நிதிநிலைக் கூட்டத்தில், அறிக்கையின் கடைசி வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குவோமாக. அந்த வரியில் உள்ளவரின் வீட்டில் அடுப்பு எரியுமா என்று கேட்டபின், மேலுள்ள வரிகளுக்குச் செல்வோமாக.