ஆள் எடுக்கறாங்க

வண்ணாரப்பேட்டையில் ஏதாவது ஒரு டீக்கடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போய் நில்லுங்கள். சீசன் தொடங்கப்போகிற சமயமாக இருந்தால், நாலு பேர் சேர்ந்து ஒரு டீமை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"நமக்கு டிஃபென்ஸ்ல ஆளே இல்ல மச்சி. அவன எடுத்திருக்கணும்."

"அவனையா? முட்டி போய் ஒரு வருஷமாவுது அவனுக்கு."

"போன வருஷமும் இதத்தான் சொன்ன. அப்புறம் எந்த டீமுக்குப் போய் கோல் போட்டான்னு பாத்த இல்ல?"

'நமக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். பேசுகிறவர் எம்.சி. ரோட்டில் ஏதோ ஒரு ஜவுளிக் கடையில் புடவை மடிக்கிறவராக இருக்கலாம். அந்த அரை மணி நேரத்துக்கு அவர் கையில் பல கோடி ரூபாய் இருக்கிறது. யாரையும் எடுப்பார், யாரையும் கழற்றிவிடுவார். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. வாழ்க்கை முழுக்க 'நம்மை எடுக்க மாட்டார்களா' என்று நிற்கிற மனிதனுக்கு, எடுக்கிற பக்கத்தில் அரை மணி நேரம் உட்காரக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

தமிழில் இந்த 'எடு' கொஞ்சம் விசித்திரமான சொல். துணி எடுக்கிறோம். பொண்ணு எடுக்கிறோம். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் "கம்பெனில ஆள் எடுக்கறாங்களாமே" என்று ஒரு வதந்தி கிளம்பினால் போதும், மறுநாள் காலை கேட்டில் கூட்டம் நிற்கும். மூன்றுக்கும் ஒரே சொல். எம்.சி. ரோட்டில் அறுபது புடவையை விரிக்கச் சொல்லி ஒன்றை எடுக்கிறீர்கள். மீதி ஐம்பத்தொன்பதும் மடிக்கப்பட்டு அலமாரிக்குப் போகின்றன. புடவைக்கு ஒன்றும் தோன்றாது.

ஆளுக்குத் தோன்றுமே? எடுக்கிறவனுக்கு, எடுக்காமல் விட்டவனிடம் ஏதாவது கடமை உண்டா, இல்லையா? டீக்கடை விவாதத்தில் வராத கேள்வி இது.

டிராஃப்ட் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலத்தில் விலை ஏறும், டிராஃப்டில் ஏறாது. வீரர்களின் பட்டியல் ஒன்று இருக்கும். டீம்கள் முறை வைத்து, ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டே போவார்கள். உங்கள் முறை வரும்போது நீங்கள் நினைத்த ஆள் போயிருந்தால் போயிற்று. கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்கு வடை வரும் கதை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்கர்கள். 1935ல் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டீமின் உரிமையாளர் பெர்ட் பெல் ஒரு யோசனை சொன்னார். நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் பணக்கார டீம்களுக்கே போய்விடுகிறார்கள். அதனால் கடைசியில் வந்த டீமுக்கு முதல் தேர்வு கொடுங்கள், ஜெயித்தவன் கடைசியில் எடுக்கட்டும் என்றார். (அப்போது அவருடைய டீம்தான் தோற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.) ஒப்புக்கொண்டார்கள். முதலாளித்துவத்தின் தலைநகரத்தில், தோற்றவனுக்கு முன்னுரிமை! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நியாயம் யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். முறை போட்டுக்கொண்டது முதலாளிகள். ஆட்டக்காரனுக்கு எந்த முறையும் இல்லை. யார் எடுத்தார்களோ அங்கே போக வேண்டும், அவர்கள் கொடுப்பதை வாங்க வேண்டும். 1936ல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர், அந்த வருஷத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதலிடத்தில் இருந்தவர். சம்பளம் ஒத்துவரவில்லை. தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் நுரை ரப்பர் விற்கப் போய்விட்டார். இதற்கு நேர் எதிராக, 2000ல் 199வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி ஏழு முறை சூப்பர் பௌல் ஜெயித்தார். அவருக்கு முன்னால் 198 பேரை எடுத்தவர்களும் நிபுணர்கள்தான். டீக்கடை நிபுணர்களை மட்டும் கேலி செய்யாதீர்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2017 ஜூலையில் மும்பையில் ஐ.எஸ்.எல். கால்பந்து டிராஃப்ட் நடந்தது. பட்டியலில் இருநூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள். ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் விலை. முதல் ஆளாக மலப்புரத்துக்காரர் அனஸ் எடத்தொடிகாவை ஜாம்ஷெட்பூர் எடுத்தது, 1 கோடியே 10 லட்சத்துக்கு. சென்னைப் பையன் தனபால் கணேஷ் சென்னைக்கே வந்தார். இன்னொரு சென்னைப் பையன் நந்தகுமார் சேகரை டெல்லி எடுத்தது.

இங்கேதான் நம் டீக்கடை சூடாகும். 'நம்ம ஊரு பையன நாம எடுக்காம எவன் எடுப்பான்?' ரொம்பப் பழைய கேள்வி. 2008 பிப்ரவரியில் முதல் ஐ.பி.எல். ஏலத்தில் சென்னை 15 லட்சம் டாலருக்கு தோனியை எடுத்தது. சென்னை தன்னைத்தான் எடுக்கும் என்று எதிர்பார்த்திருந்த தினேஷ் கார்த்திக் டெல்லிக்குப் போனார். அந்த ஏமாற்றத்தைப் பல வருஷம் கழித்துப் பேட்டியில் சொன்னார். 2023 ஏப்ரலில், தமிழக வீரர்களை எடுக்காத சி.எஸ்.கே.வைத் தடை செய்ய வேண்டும் என்று பா.ம.க. உறுப்பினர் ஒருவர் சட்டமன்றத்திலேயே பேசினார். டீக்கடை கோட்டைவரை போய்விட்டது.

எனக்கு இந்த வாதம் பாதிதான் பிடிக்கிறது. வண்ணாரப்பேட்டையில் நின்றுகொண்டு 'வெளியூர்க்காரன் எதுக்கு' என்று கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுக்க வந்தவர்களால் பெயர் பெற்ற பேட்டை இது. தெலுங்கு பேசுகிறவர்கள், இந்தி பேசுகிறவர்கள், தெற்கத்தி மாவட்டக்காரர்கள் என்று எல்லாரும் வந்து சேர்ந்த இடம். 2023 ஆகஸ்ட் 12 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் டூரண்ட் கோப்பை ஆட்டம். நாலரை வருஷமாக மோகன் பகானை ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால், ஒரே ஒரு கோலில் ஜெயித்தது. கோல் போட்டவர் நம் நந்தகுமார். அந்த ராத்திரி கொல்கத்தாவில் பாதிப் பேருக்கு அவர்தான் சொந்தப் பிள்ளை. ஊருக்கு ஊர் வேலி போட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

ஆனாலும் அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. வியாசர்பாடியில் ஒரு பையன் காலையில் நாலரை மணிக்கு எழுந்து மைதானத்துக்கு ஓடுவதை அந்தத் தெரு பார்த்திருக்கிறது. 'நீ பெரிய ஆளா வருவடா' என்று நம்பிக்கை கொடுத்திருக்கிறது. நம்பிக்கை கொடுத்தவன், அது பலிக்காதபோது கையைத் தட்டிவிட்டு எழுந்து போக முடியாது என்ற உணர்ச்சிதான் 'நம்ம பையன்' என்று கத்துகிறது. அதைக் கத்தலாக மட்டும் விடாமல் சட்டமாக்கியவர்கள் உண்டு. டீக்கடையிலிருந்து கொஞ்ச தூரத்தில், துறைமுகத்துக்குள்.

அந்தக் காலத்தில் கப்பலில் மூட்டை ஏற்றி இறக்குவது நித்தியக் கூலி. கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. காலையில் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி வந்து 'நீ வா, நீ வா' என்று கை நீட்டுவார். யாரை நீட்டுவார்? பலசாலியை, சொந்தக்காரனை, நேற்றைய கூலியில் பங்கு கொடுத்தவனை. மீதிப் பேர் வீட்டுக்கு நடப்பார்கள். உலகம் முழுக்கத் துறைமுகங்களில் இப்படித்தான் ஆள் எடுத்தார்கள்.

தொழிலாளர்கள் போராடினார்கள். 1948ல் மத்திய அரசு துறைமுகத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் சென்னைக்கென்று 1956ல் ஒரு திட்டம். தொழிலாளியின் பெயர் பதிவேட்டில் இருக்கும். வேலை முறை வைத்து வரும். கவனியுங்கள், அமெரிக்காவில் முதலாளிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட அதே முறைதான். இங்கே அதைத் தொழிலாளி தனக்காக வாங்கினான்.

அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. வேலைக்கென்று வந்து நிற்கிறான். ஏதோ காரணத்தால் அன்றைக்கு வேலை தொடங்கவில்லை. அவனுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். அதற்குச் சட்டம் வைத்த பெயர் 'டிஸப்பாயின்ட்மென்ட் மணி'. ஏமாற்றப் பணம்! அரசாங்கக் கோப்பில் இப்படி ஒரு சொல் இருக்கும் என்று நீங்கள் நினைத்துப் பார்த்ததுண்டா? நான் ரசித்துப் படித்த சட்டச் சொற்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. வேலை செய்ததற்குக் கூலி இல்லை இது. கூப்பிட்ட இடத்துக்கு வந்ததற்கு, வந்து மனம் ஒடிந்ததற்கு. 'வா' என்று சொன்னாயா, அந்தச் சொல்லுக்கு ஒரு விலை உண்டு என்கிறது சட்டம்.

சரி, நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. 'மூட்டை தூக்க முறை போடலாம் சார். கோல்கீப்பருக்கு முறை போட முடியுமா? இந்த வாரம் நீ, அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பையன் என்றால் டீம் உருப்படுமா?' உருப்படாது. பெனால்டி ஏரியாவுக்குள் சமத்துவம் பேச எனக்கும் தைரியம் இல்லை. ஆட்டத்துக்குச் சிறந்தவனைத்தான் எடுக்க வேண்டும். நான் கேட்பது அதற்கடுத்த கேள்வி. இருநூறு பேரைக் கூப்பிட்டுப் பட்டியல் போட்டு, விலை ஒட்டி, டி.வி.யில் காட்டினார்களே. எடுக்கப்படாதவனும் அன்றைக்கு மாலை வரை அம்மா, அப்பா, தெருக்காரர்களோடு உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பான்? அவனை அங்கே உட்கார வைத்தது யார்? அடுத்த வருஷத்துக்கு ஒரு பயிற்சியாளரையோ, கீழ் டிவிஷனில் ஒரு இடத்தையோ, ஒரு படிப்பையோ ஏற்பாடு செய்து கொடுக்கும் பொறுப்பு கூப்பிட்டவனுக்கு உண்டு என்பது என் கட்சி. அது தர்மம் இல்லை, பாக்கி.

இதைச் சொன்னால், 'பெரிய கிளப்புகள் எடுத்தவனையே பார்ப்பதில்லை' என்பார்கள். உண்மைதான். 2017க்குப் பிறகு ஐ.எஸ்.எல்.லில் டிராஃப்ட் போய், கிளப்புகள் நேரடியாக ஒப்பந்தம் போட ஆரம்பித்தன. 2025ல் லீகை நடத்துவது யார், எந்த உரிமையில் என்ற இழுபறியில் சீசனே தள்ளிப்போனது. அந்த ஆகஸ்டில் பெங்களூரு கிளப் வீரர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்.சி. தற்காலிகமாகச் செயல்பாட்டையே நிறுத்தியது. எடுக்கப்பட்டவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள், ஷூவோடு நின்றார்கள். துறைமுகக் கூலிக்கு 1956ல் இருந்த பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை. துறைமுகத்திலும் அது அப்படியே நிலைக்கவில்லை. 1983ல் கன்டெய்னர் டெர்மினல் வந்து ஆள் தேவை குறைந்தது. 1997ல் பெரிய துறைமுகங்களுக்கு அந்தப் பழைய சட்டம் பொருந்தாமல் போக வழி செய்ய ஒரு புதுச் சட்டமே போட்டார்கள்.

ஆள் எடுப்பதில் நம் பிள்ளைகள் ஒரு முறை வைத்திருந்தார்கள். நீங்கள் ஐம்பதைத் தாண்டியவரானால் ஆடியிருப்பீர்கள். உத்தி பிரிக்கிறது. இரண்டு தலைவர்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமான ஒருவனோடு ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப் போய் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொள்வார்கள். ஒருத்தன் ரோஜா, ஒருத்தன் மல்லி. திரும்பி வந்து, 'ரோஜா வேணுமா, மல்லி வேணுமா?' தலைவன் பூவைத்தான் எடுக்கிறான். எந்தப் பூவுக்குள் எந்த ஆள் என்று அவனுக்குத் தெரியாது. ரெண்டு டீமும் சமம். 'நீ கடைசி' என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. யாருக்கு எந்த இடம் என்று தெரியாமல் வகுக்கும் விதிதான் நியாயமான விதி என்று ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ரால்ஸ் 1971ல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். நம்மவர்கள் அதைப் புழுதியில் கால் சட்டையோடு செய்துகொண்டிருந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது ஜோடி சேர்கிற அந்த ஒரு நிமிஷம். 'எனக்குச் சமம் யார்?' என்று பத்து வயதுப் பையன் தானே கண்டுபிடிக்க வேண்டும். ரொம்ப நல்லவனோடு சேரப் போனால் அவன் சிரிப்பான். சுமாரானவனோடு சேர மனசு வராது. மேஸ்திரி செய்கிற வேலையை அவன் தனக்குத்தானே செய்துகொள்கிறான்.

ஒரே சிக்கல், ஒற்றைப்படை. பதினொரு பேர் வந்துவிட்டால் ஒருத்தன் ஜோடியில்லாமல் நிற்பான். பெரும்பாலும் யாருடைய தம்பியாவது. மூக்கு ஒழுகும், ஓடத் தெரியாது, விட்டுவிட்டால் வீட்டில் போய் அழுவான். அவனுக்கு 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒரு பெயர். இன்றைக்கு அப்படிக் கூப்பிட வாய் கூசும், கூச வேண்டியதுதான். ஆனால் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னதில்லை. ரெண்டு பக்கமும் ஆடுவான். அவனுக்கு அவுட் கிடையாது.